உள்பக்கத் தாழ்ப்பாள்

தெருவில் போகிற ஆட்டோ எதுவும் லீலாவின் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. நின்றால் அவள் கைவேலையை அப்படியே விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். மகள் செல்வராணியின் ஸ்கூட்டி, கேஸ் வண்டி, துறைமுகத்துக்கு உப்பு ஏற்றிப் போகிற லாரி, இதெல்லாம் பழகிப்போன சத்தம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கேட்டது அப்படி இல்லை. ஒரு ஆட்டோ தெருமுனை திரும்பி, வேகம் குறைத்து, சரியாக அவள் வாசலில் நின்று இன்ஜினையும் அணைத்தது. லீலாவுக்கு எண்பத்தாறு வயது. சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். ஜன்னலுக்கு நேரே அவள் ஒருநாளும் நிற்பதில்லை.

இறங்கியது செல்வராணிதான். கூட ஒரு இளம்பெண், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு. இடுப்பில் நாலு வயதுப் பெண்குழந்தை. மூன்று பேரும் விறுவிறுவென்று உள்ளே வந்தார்கள். செல்வராணி கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள் கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். பகல் நேரத்தில் இரண்டு தாழ்ப்பாளும் போடுகிறவள் லீலாதான். அதற்காக மகள் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள்.

"இது பானுப்ரியா. எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர்," என்றாள் செல்வராணி. "இவ சரண்யா, அவ மக." பிறகு அம்மாவின் கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் வயற்காட்டு ஊர் ஒன்று பானுப்ரியாவுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள். அவன் பெயர் தங்கப்பாண்டி. போன வருஷம் அவனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. இத்தனை நாளுக்குப் பிறகு யார் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று நம்பி வந்தார்கள். ஐப்பசியில் பானுவின் அப்பா இறந்தார். அவமானத்தில்தான் செத்தார் என்று அவள் அண்ணன் பாண்டியராஜ் எழவு வீட்டிலேயே சத்தம் போட்டிருக்கிறான். நேற்றுச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்ற தங்கப்பாண்டியை மூன்று பேர் அரிவாளால் வெட்டினார்கள். உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் போலீஸ் காவல் போட்டிருக்கிறார்கள். வெட்டியவர்கள் இப்போது பானுவையும் பிள்ளையையும் தேடுகிறார்கள்.

"திங்கக்கிழமை வேற ஜில்லாவுக்கு அனுப்பி வைக்கோம், அதுவரைக்கும் பத்திரமா ஒரு வீட்டுல இருங்கன்னு ஸ்டேஷன்ல சொல்லிருக்காவ. அவளுக்குத் தெரிஞ்ச வீடெல்லாம் அவ அண்ணனுக்கும் தெரியும். நம்ம வீடு தெரியாது. ரெண்டு நாள்தாம்மா."

லீலா கொதிக்கிற பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அனுப்பிரு."

செல்வராணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நீயாம்மா இதைச் சொல்லுத?"

"நான்தான் சொல்லுதேன். ஒளிச்சு வைக்கதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும் என்பது மகளுக்கும் தெரியும். ஆனால் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. இருபது வயதுவரை செல்வராணி தன் அம்மாவை ஹாலந்துக்காரி, அப்பா கப்பல் இன்ஜினீயரிங் படிக்கப் போன ஊரில் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரி என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். தெருவில் எல்லோரும் அவளை வேதக்காரி, கிறிஸ்தவள் என்று எண்ணிக்கொண்டார்கள். லீலா மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டாள். மாமியாருக்கு அவள் பெயர் வாயில் நுழையாததால் லேயா லீலா ஆனாள். அதற்கும் சரி என்று தலையாட்டினாள். பெயர் மாறுவது அவளுக்குப் புதிது இல்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் இன்றைக்கும் சட்டென்று திரும்ப மாட்டாள். எந்தப் பெயருக்குத் திரும்ப வேண்டும் என்று உள்ளே ஒரு நொடி கணக்கு ஓடும்.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு யூதத் தையற்காரருக்குப் பிறந்தவள் அவள். நாலு வயதில், ஜெர்மன்காரர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறினாள். "இனி உன் பேர் கிரீத். லேயான்னு யார் கூப்பிட்டாலும் திரும்பாதே," என்று வண்டியில் சொல்லிக் கொடுத்தாள். வடக்கே ஒரு பண்ணை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அந்த வீட்டுக்காரி திரின். முரட்டுப் பெண். கொஞ்ச மாட்டாள், ஆனால் தன் தட்டில் இருந்ததில் பாதியைக் குழந்தைக்குத் தள்ளிவிடுவாள். கட்டிலுக்குக் கீழே தரைப் பலகையைப் பெயர்த்து ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் சோதனை போட வந்த நாளில் திரின் குழந்தையோடு அந்தக் குழிக்குள் இறங்கினாள். மேலே அவள் புருஷன் பூட்ஸ்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். குழந்தை விசும்பியது. திரின் அதன் வாயைப் பொத்தினாள். வாயோடு மூக்கையும் சேர்த்து. லீலாவுக்கு அந்தக் கையின் கனம் இன்றைக்கும் முகத்தில் இருக்கிறது. மூச்சு நின்று கண் இருண்டது வரை ஞாபகம். பிறகு முழித்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. "நல்ல பிள்ளை, சத்தமே போடலையே," என்று மட்டும் சொன்னார்கள்.

சண்டை முடிந்ததும் அம்மா அப்பா வரவில்லை. அவர்களை ஏற்றிப்போன ரயில் சேர்ந்த இடத்திலிருந்து யாருமே திரும்பவில்லை. ஒரு சித்தி வந்து, அதற்குள் திரினை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்த பிள்ளையைப் பிய்த்துக்கொண்டு போனாள். "நீ சின்னப் பிள்ளைதானே, உனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது," என்று சித்தி சொன்னாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். செந்தில்வேல் ஒருவன்தான் சொல்லவில்லை. கப்பல் படிப்புக்கு வந்தவன், ராட்டர்டாமில் அவள் வேலை பார்த்த கடைக்கு ரொட்டி வாங்க வந்து பழகியவன். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க ஊருக்கு வாரியா?" என்று மட்டும் கேட்டான். லேயா என்பது யூதப் பெயர் என்று ஒருத்தருக்கும் தெரியாத ஊர் ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

தூத்துக்குடிக்கு வந்த முதல் நாளே அவள் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். மாமியார், மருமகள் வீட்டைப் பார்த்து மலைக்கிறாள் என்று பெருமைப்பட்டார். லீலா பார்த்தது எங்கே ஒளியலாம் என்று. மச்சுப் படிக்கட்டுக்கு அடியில் பழைய சாக்கு போட்டு வைக்கிற ஒரு சின்ன அறை இருந்தது. தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டதும் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். செந்தில்வேல் தேடிக் கண்டுபிடித்தான். அடுத்த வாரம் ஆசாரியைக் கூட்டிவந்து அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைக்கச் சொன்னான். சாக்கு அறைக்கு எதுக்கு அண்ணாச்சி உள்ளே தாழ்ப்பாள், சாக்கு ஓடிப்போயிருமா என்று ஆசாரி சிரித்தான். செந்தில்வேல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுத்தான். அவன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் மாதிரி ஒரு ஆள் இந்த உலகத்தில் இருந்தான் என்பதை நினைத்தால்தான் லீலாவுக்குச் சில நாள் தூக்கம் வரும்.

மகளை அவள் அடித்ததே இல்லை. ஆனால் செல்வராணி சத்தமில்லாமல் அழப் பழகியிருந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்த பழக்கம். காய்ச்சலில் கிடந்தாலும் வாயை மூடிக்கொண்டு முனகுவாள். இதைப் பார்க்கிறபோதெல்லாம் லீலாவுக்கு நெஞ்சு அறுத்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

அன்று மத்தியானம் அடுப்படியில் நின்றுகொண்டு செல்வராணி சொன்னாள்: "அம்மா, அந்தத் திரின் அனுப்பிருன்னு சொல்லியிருந்தா நானே கிடையாது."

லீலா பாலை இறக்கி வைத்தாள். "திரினுக்கு முப்பது வயசு. எனக்கு இந்த வயசு. பயந்தே செத்துருவேன்ளா," என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அனுப்பச் சொல்லவில்லை.

பயம் மட்டும் போகவில்லை, வேலை செய்யத் தொடங்கியது. சாயங்காலம் செல்வராணி எதிர்க்கடைக்குப் பால் வாங்கக் கிளம்பினபோது, "எப்பவும் வாங்குத அளவுதான் வாங்கணும். கூட ஒரு பாக்கெட் வாங்கினா ஏன்னு கேப்பாங்க," என்றாள். மொட்டை மாடிக் கொடியில் பானு துவைத்துப் போட்டிருந்த குழந்தையின் மஞ்சள் கவுனைப் பார்த்ததும் முழங்கால் வலியோடு படியேறிப் போய், ஈரத்தோடு உருவிக்கொண்டு வந்தாள். எதிர்க்கடை அய்யாக்குட்டி கடைக்குள்ளே உட்கார்ந்தபடி இந்த மாடியைப் பார்க்க முடியும். நாற்பது வருஷமாக அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வருஷமாக லீலா அவரிடம் சிரித்துப் பேசுகிறாள், நாற்பது வருஷமாக அவரை நம்பவில்லை. கடைக்காரர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுவார்கள் என்பது அவளுக்குள் இறுகிப்போன ஒரு எண்ணம்.

குழந்தைதான் பெரிய ஆபத்து. சரண்யா ஓயாமல் பேசியது. ஸ்பூனை எடுத்துத் தட்டில் தட்டியது. பள்ளிக்கூடத்துப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் லீலாவின் தோள் குறுகியது. "மெதுவா, மெதுவா," என்றாள். குழந்தை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "ஏன் ஆச்சி, யாராவது தூங்குதாங்களா?" என்று கேட்டது. பானு ஒரு மூலையில் செல்போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. பொரிகடலையும் பேரீச்சம்பழமும் அடைத்த டப்பாக்களை லீலா எல்லா அறையிலும் வைத்திருப்பாள். அதில் ஒன்றைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தங்கப்பாண்டியின் கையில் ஆபரேஷன் செய்ய வேண்டும், மனைவி வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் சாதாரண உடையில் காரில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. குழந்தையை அங்கே கொண்டுவர வேண்டாம் என்றார்கள். பானு தனியாகப் போகிற நிலையில் இல்லை, செல்வராணியும் கூடப் போக வேண்டியதாயிற்று.

"என்னால முடியாது. பிள்ளையை என்கிட்ட விடாதே," என்றாள் லீலா.

"போனதும் வந்துருவோம்மா. கதவைத் திறக்காதே, அவ்வளவுதான்."

கதவைத் திறக்காதே என்று அவளிடம் சொல்ல வேண்டியதே இல்லை.

அவர்கள் போன பிறகு லீலா குழந்தைக்குப் புட்டு ஊட்டினாள். தாளும் பென்சிலும் கொடுத்து உட்கார வைத்தாள். பிறகு, வயதானவர்களுக்கு வருகிற மாதிரி, நாற்காலியில் கண் அயர்ந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத அயர்ச்சி. முழித்தபோது தாள் தரையில் கிடந்தது, குழந்தை இல்லை. பின்கட்டில் சரண்யாவின் குரல் கேட்டது. பின்வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. குழந்தை முற்றத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பூனையிடம் பேசிக்கொண்டிருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறது.

அதே நேரம் வாசல் பக்கம் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு.

லீலா குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு முன்ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போய் நின்றாள். மூன்று ஆண்கள் எதிர்க்கடையில் நின்று அய்யாக்குட்டியிடம் எதையோ கேட்டார்கள். ஒருத்தன் செல்போனில் படம் காட்டினான். அய்யாக்குட்டி கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். அவர்கள் திரும்பித் தெருவில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒருத்தன் இந்த வீட்டைக் கையால் காட்டி என்னவோ கேட்டான்.

லீலாவுக்குக் கால் தானாக நடந்தது. பின்கதவைச் சாத்தப் போகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பிறகு அதை நினைத்து எத்தனையோ தடவை மருகினாள். குழந்தையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டே படிக்கட்டுக்கு அடியில் போய், அந்தச் சின்னக் கதவைத் திறந்து, முட்டி போட்டு உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். இருட்டு. பழைய சணல் வாடை. கதவிடுக்கில் நூல் மாதிரி ஒரு கோடு வெளிச்சம்.

"ஆச்சி, ஒளிஞ்சு விளையாடுதோமா?"

"ஆமா. பேசக் கூடாது."

வாசல் கதவைத் தட்டினார்கள். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால். "வீட்டுல யாரு? ஆச்சி, கதவைத் திறங்க, ஒரு விஷயம் கேக்கணும்." குரல் மரியாதையாகத்தான் இருந்தது. மரியாதையான குரல்தான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வீட்டைச் சுற்றிச் சரளைக்கல்லில் காலடிச் சத்தம் போனது. பின்வாசல் கதவு கிரீச்சிட்டது. உள்ளே வந்துவிட்டார்கள்.

"ஏலே, இங்கன பாரு. படம் வரைஞ்சு போட்டிருக்கு. சின்னப் பிள்ளை வரைஞ்சது."

"மேல போய்ப் பாரு."

தலைக்கு மேலே படியில் ஒருத்தன் ஏறினான். ஒவ்வொரு மிதிக்கும் பலகை முனகி, தூசி உதிர்ந்து லீலாவின் கழுத்தில் விழுந்தது. சரண்யாவுக்கு இது விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பிள்ளையின் உடம்பு விறைத்தது. "அம்மா," என்று ஒரு விசும்பல் கிளம்பியது.

லீலா அதன் வாயைப் பொத்தினாள்.

கை தானாகப் போயிற்று. ஒரு கை தலைக்குப் பின்னால், இன்னொரு கை வாய்மேல். குழந்தை திமிறியது. அவள் இன்னும் அழுத்தினாள். தலைக்கு மேலே நடக்கிற காலடியைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பதும் தெரியவில்லை. குழியா, படிக்கட்டா, என்ன வருஷம் என்று எதுவும் இல்லை. வெளியே பூட்ஸ். உள்ளே சத்தம் வரக் கூடாது. அவ்வளவுதான் இருந்தது. பிள்ளையின் கால் அவள் தொடையில் உதைத்தது, பிறகு மெல்ல உதைத்தது, பிறகு நின்றது.

அது நின்றதுதான் அவளை எழுப்பியது. அந்த நிற்றல் எப்படி இருக்கும் என்று அவளுக்குள்ளே ஒரு பிள்ளைக்குத் தெரியும். கையை எடுத்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு குழந்தை மூச்சை இழுத்தது, நீளமாக, கிழிந்த துணி மாதிரி ஒரு சத்தத்தோடு. லீலா கண்ணை மூடிக்கொண்டாள். இனி கதவைத் திறப்பார்கள். திறக்கட்டும் என்று இருந்தது.

வெளியே வேறொரு குரல் கேட்டது. "யாருலே அது, ஆளில்லாத வீட்டுக்குள்ள?" அய்யாக்குட்டியின் குரல். கூடவே இரண்டு மூன்று பேர் பேசுகிற சத்தம், செருப்புச் சத்தம். "தண்ணி கேக்க வந்தோம் அண்ணாச்சி," என்று ஒருத்தன் சொன்னான். "தண்ணி கேக்கவனுக்கு மச்சுல என்ன சோலி? போட்டோ எடுத்தாச்சு, வண்டி நம்பரும் எடுத்தாச்சு. போலீஸ் வருது. நில்லுங்கலே, பேசிக்கிடுவோம்." ஓடுகிற சத்தம். பைக்குகள் முறுக்கிக்கொண்டு கிளம்பின. தெரு அமைதியானது.

"லீலாம்மா," என்று அய்யாக்குட்டி வீட்டுக்குள் நின்று கூப்பிட்டார். "அவனுவ போயிட்டானுவ. பயப்படாம வெளிய வாங்க."

லீலா தாழ்ப்பாளைத் தொடவில்லை. வெளியே வா, ஒன்றும் செய்ய மாட்டோம் என்று ஆசையாகக் கூப்பிட்டு வெளியே எடுத்தவர்களைப் பற்றி அவள் கேட்டிருக்கிறாள். அய்யாக்குட்டி இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு, "சரிம்மா, நான் வாசல்லயே உக்காந்திருக்கேன், உங்க மக வரட்டும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இருட்டுக்குள் குழந்தை அழவில்லை. அவளிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, காற்றைப்போல ஒரு குரல் வந்தது.

"ஆச்சி, இப்பப் பேசலாமா?"

லீலா கதவிடுக்கின் வெளிச்சக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானுவும் செல்வராணியும் போலீஸ்காரர்களோடு வந்து அந்தச் சின்னக் கதவைத் தட்டினபோதுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். குழந்தை அவளைத் தாண்டிப் பாய்ந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பானு பிள்ளையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கன்னத்தில் சிவப்பாக விரல் தடம், ஒவ்வொரு விரலாக எண்ணலாம் போல. பானு ஒரு சத்தம் போட்டாள். "யாரு? அவனுவளா?"

"நான்தான்," என்றாள் லீலா.

நன்றி சொல்ல வேண்டும் என்று பானுவுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் வைத்தாள். லீலா அதைப் பார்த்தாள். தப்பு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வாசலில் அய்யாக்குட்டி எழுந்து நின்றார். "நேத்தே தெரியும்மா எனக்கு. மாடியில மஞ்சக் கவுனு கிடந்துச்சு. அவனுவ போட்டோவைக் காட்டி, இவகூட வேலை பாக்க டீச்சர் வீடு எதுன்னானுவ. ஒருத்தன் அந்த வீட்டுல யாருன்னான். வயசான அம்மாவும் மகளும், ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருக்காவன்னேன். பின்னால சுத்திப் போறதைப் பாத்துட்டு நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன்." ஆறுதலாகத்தான் சொன்னார். இவருக்குத் தெரிந்திருக்கிறது என்றால் வேறு யாருக்கெல்லாம் தெரியும்? அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவரைப் பார்த்தாள். அவர் வேட்டி முழங்காலில் மண்ணாக இருந்தது. ஓடிவந்த வேகத்தில் எங்கோ விழுந்திருக்கிறார். அவள் கேட்கவில்லை. "உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி," என்றாள். நாற்பது வருஷத்தில் அவரை அவள் வீட்டுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இனித் திங்கட்கிழமைவரை காத்திருக்க முடியாது என்று போலீஸ்காரர்கள் அன்றைக்கே வேன் கொண்டுவந்தார்கள். பானு பையைக் கட்டினாள். சரண்யா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் ஓயாமல் பேசின பிள்ளை. "பாவம், நல்ல பிள்ளை, எவ்வளவு அமைதியா இருக்கு," என்று பெண் போலீஸ் அதன் தலையைத் தடவினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க," என்றாள் லீலா. அவள் குரல் உயர்ந்து செல்வராணியே அதுவரை கேட்டதில்லை.

எல்லோரும் திரும்பினார்கள். லீலா சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள், குழந்தைக்கு ரொம்ப தூரத்தில். பானுவைப் பார்த்துப் பேசினாள். கோர்வையாக வரவில்லை.

"அமைதியா இருக்கான்னு அவளைப் பாராட்டாதே. யாரையும் பாராட்ட விடாதே. எனக்கு யாருமே, முடிஞ்சிருச்சு, இனி சத்தம் போடலாம்னு சொல்லல. நான் ரொம்ப நாள் பேசல. நல்ல பிள்ளைன்னு நினைச்சிக்கிட்டாங்க. சின்னப் பிள்ளை, மறந்துரும்னு உன்கிட்ட எல்லாரும் சொல்லுவாங்க. மறக்காது. உடம்பு வச்சுக்கும். அதனால நீ அவகிட்டச் சொல்லணும். யாரு வந்தா, ஏன் வந்தாங்க, அந்தக் கிழவி எதுக்கு வாயைப் பொத்தினா, எல்லாத்தையும். கேக்கும்போதெல்லாம் சொல்லு. ராத்திரி படுக்கையை நனைச்சா திட்டாதே." குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி பானுவிடம் திரும்பினாள். "என்னை அவளுக்குப் பிடிக்க வேண்டாம். அதுக்காக அவளைத் திட்டாதே. நான் திரினை அம்மான்னு கூப்பிட்டேன். ஆனா அவ கைக்கு இன்னமும் பயப்படுதேன்."

செல்வராணி நிலைப்படியில் சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். வழக்கம்போல் சத்தமில்லாமல். லீலா மகளையும் பார்த்தாள். "உன்கிட்டயும் சொல்லியிருக்கணும்ளா, சத்தம் போட்டு அழலாம்னு," என்றாள். "எப்படிச் சொல்லன்னு தெரியல எனக்கு."

பானு குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். சரண்யா லீலாவை ஒரு தடவை பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வேன் கிளம்பினபோது கையசைக்கவில்லை.

பாண்டியராஜையும் மற்ற இருவரையும் அந்த வாரமே பிடித்தார்கள். மார்கழியில் ஜாமீனில் வந்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. தங்கப்பாண்டிக்கு இரண்டு விரல் போயிற்று, கிரேன் ஓட்ட முடியாது. வேறு ஊரில், பெயர் சொல்லாத ஊரில், ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். பாண்டியராஜ் வெளியே வந்த செய்தி கேட்டதிலிருந்து லீலா முன்ஜன்னலைத் திறப்பதே இல்லை. பைக் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை அப்படியே நிற்கிறது. செல்வராணி இப்போதெல்லாம் சலித்துக்கொள்வதில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "கொரியர்காரன்மா," என்று சொல்லிவிட்டு வந்து உட்காருகிறாள்.

மாசியில் ஒரு நாள் மத்தியானம் பானு போன் செய்தாள், புது நம்பரிலிருந்து. செல்வராணி பேசிவிட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

"எப்படி இருக்கா?" என்று கேட்டாள் லீலா.

பானு தயங்கினாள். "நல்லா இருக்காம்மா. லைட்டை அணைச்சாத் தூங்க மாட்டா. பக்கத்து வீட்டுல ஒரு வயசான அம்மா இருக்காவ, அவங்க கூப்பிட்டாப் போக மாட்டேங்கா. நீங்க சொன்ன மாதிரி கேக்கும்போதெல்லாம் சொல்லுதேன். அந்த ஆச்சிக்கும் பயமாருந்துச்சான்னு ஒரு நாள் கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ரொம்பப் பயமாருந்துச்சுன்னு சொன்னேன்."

லீலா போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "சத்தம் போடுதாளா?"

"ஏம்மா கேக்கீங்க. ஸ்கூல்ல இருந்து தெனம் புகார். இப்பக்கூட பாருங்க, சைக்கிளுக்குச் சண்டை." பானு போனை வாயிலிருந்து தள்ளி, யாரையோ அதட்டினாள். அவள் குரலுக்குப் பின்னால், தொலைவில் ஒரு பிள்ளை தன் முறை இது, தன் முறை இது என்று தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

"சரிம்மா, வைக்கட்டுமா?" என்றாள் பானு.

"வேண்டாம்," என்றாள் லீலா. "கொஞ்ச நேரம் அப்படியே வை."